ஆளை அறிவது எப்படி? - கைரேகை முதல் காவல் சரிபார்ப்பு வரை

நம் பிள்ளைகளை ஒருவரிடம் ஒப்படைக்கிறோம். அவர் ஆசிரியராக இருக்கலாம். விடுதிக் காப்பாளராக, வேன் ஓட்டுநராக, விளையாட்டுப் பயிற்சியாளராக இருக்கலாம். அவர் நம்பத் தகுந்தவர்தாமா என்பதை எப்படி அறிவது? எளிய கேள்விதான். ஆனால் இதற்கு விடை தேடிய வரலாறு நீண்டது.

விழுப்புரம் மாவட்டத்துப் பனமலையில், குன்றின் மேல் பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுத்த தாளகிரீசுவரர் கோயில் இருக்கிறது. இத்தகைய சிற்றூர்களில் திண்ணைப் பள்ளி நடந்த காலத்தில், வாத்தியார் எந்த ஊர், யார் மகன், எப்படிப்பட்டவர் என்பது எல்லாருக்கும் தெரியும். ஊரின் நினைவே அன்றைய பதிவேடு.

பொதுப் பொறுப்புக்கு வருபவரை விதி வகுத்துச் சோதித்த சான்றும் நம்மிடம் உண்டு. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஊர் வாரியத்துக்கு வரக்கூடாதவர் யார் யார் என்று பட்டியலிடுகின்றன. கணக்குக் காட்டாதவர், பிறர் பொருளைக் கவர்ந்தவர் ஆகியோர் அதில் அடங்குவர். ஆனால் கணக்குக் காட்டாதவருடைய உறவினருக்கும் அங்கே இடமில்லை! ஒருவர் செய்த பிழை சுற்றத்தையும் பிடித்தது. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்வோம்.

மக்கள் ஊர்விட்டு ஊர் சென்று பிழைக்கத் தொடங்கியதும் ஊர் நினைவு போதவில்லை. பெயரை மாற்றிக்கொள்ளலாம்; விரல் ரேகையை மாற்ற முடியுமா? 1858இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, ஒப்பந்தத்தாளின் பின்புறம் ஓர் ஒப்பந்தக்காரரின் கையைப் பதியச் செய்தார். பிற்பாடு ரேகை ஆளுக்கு ஆள் வேறுபடும், வாழ்நாள் முழுவதும் மாறாது என்பது தெளிவாயிற்று.

ஆனாலும் ஒரு சிக்கல் இருந்தது. ஆயிரக்கணக்கான தாள்களில் வேண்டிய ஒன்றை எப்படித் தேடி எடுப்பது? எட்வர்டு ஹென்றியின் கீழ்ப் பணிபுரிந்த அஜீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகிய இந்தியர்களின் உழைப்பால் இதற்கு வழி பிறந்தது. பத்து விரல்களையும் ஐந்து இணைகளாகப் பிரித்தனர். சுழி வடிவ ரேகை இருந்தால் முதல் இணைக்கு 16, அடுத்தவற்றுக்கு 8, 4, 2, 1 என மதிப்பு. ஒவ்வோர் இணையிலும் ஒரு விரலை மேலும் மற்றதைக் கீழுமாக வைத்துக் கூட்டி, இரண்டிலும் 1 சேர்த்தால் ஒரு பின்னம் கிடைக்கும். மேலே 32, கீழே 32 வாய்ப்புகள்; ஆக 32 × 32 = 1,024 பிரிவுகள். தேட வேண்டியது ஒரு பிரிவில் மட்டுமே! 1897இல் கல்கத்தாவில் கைரேகை அலுவலகம் அமைந்தது. இலண்டன் ஸ்காட்லாந்து யார்டு 1901இல்தான் இம்முறையை ஏற்றது.

அறிவியல் கருவி கிடைத்தது. அதை ஆண்டவர்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள்? 1871ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிச் சட்டம் 1911இல் விரிவாக்கப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குற்றம் செய்தாரா என்று பாராமல், இன்ன குலத்தில் பிறந்தார் என்பதற்காகவே மக்களின் பெயரும் ரேகையும் பதியப்பட்டன. அதனால் தமிழில் இதற்குக் 'கைரேகைச் சட்டம்' என்றே பெயர் வழங்கலாயிற்று. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துப் பள்ளிகளில் வைக்கவும் அச்சட்டம் இடம் தந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று மதுரைப் பகுதியின் பெருங்காமநல்லூரில் இதை எதிர்த்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து, பலர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. நாடு முழுவதும் 1952இல் ஒழிந்தது. உறவினரையும் ஒதுக்கிய உத்திரமேரூர் விதியின் பிழை, பல மடங்கு பெருகி இங்கே திரும்பி வந்தது அல்லவா?

இன்றைய சட்டம் குலத்தைக் கேட்பதில்லை. ஆளின் செயலைக் கேட்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடப்பில் உள்ளது. 2020ஆம் ஆண்டின் விதிகள்படி பள்ளி, காப்பகம், விளையாட்டுப் பயிற்சி நிலையம் ஆகியவற்றில் குழந்தைகளோடு பழகும் ஊழியர் ஒவ்வொருவரையும், ஒப்பந்த ஊழியர் உட்பட, காவல்துறை மூலம் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். பாலியல் குற்றவாளிகளின் தேசியப் பதிவேடு 2018இல் தொடங்கியது. அதைக் காவல்துறை போன்ற சட்ட அமைப்புகளே பார்க்க முடியும்.

விதி தாளில் இருந்தால் போதுமா? 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் தேசிய மாணவர் படையின் பெயரால் முகாம் நடந்தது. அங்கே மாணவியர் பாலியல் கொடுமைக்கு ஆளானதாக வழக்குப் பதிவாயிற்று. அம்முகாமுக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று அப்படை அறிவித்தது. முன்கூட்டியே ஒரு விசாரிப்பு நடந்திருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும்.

சரிபார்ப்புக்கும் ஓர் எல்லை உண்டு. புகார் ஆகாத குற்றம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. மத்திய அரசின் 2007ஆம் ஆண்டு ஆய்வில், பாலியல் கொடுமை செய்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது பொறுப்பில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் சொல்லவே இல்லை. 'பள்ளியின் பெயர் கெடும்' என்று ஒரு நிர்வாகம் மூடி மறைத்தால், அந்த ஆள் கறையற்ற சான்றுடன் அடுத்த ஊருக்குப் போவார். ஆகவேதான் குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காததைப் போக்சோ சட்டம் குற்றமாக்கியுள்ளது.

பதிவேடு பேச வேண்டுமானால் முதலில் குழந்தை பேச வேண்டும். பெரியவர்கள் அதை நம்ப வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை மாணவர் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்துகொள்வது நல்லது.