யாளி பிடித்த இரும்பு

கட்டாரியைப் பற்றும் விதமே தனி. மற்றக் கத்திகளில் பிடியும் அலகும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். கட்டாரியில் பிடி குறுக்கே ஓடும். கையை முட்டியாக மூடிப் பற்றினால் அலகு முட்டிக்கு நேர் முன்னே நீளும். தோளின் விசை முழுவதும் முனைக்குப் போய்ச் சேரும். தஞ்சாவூரோடு சேர்த்துச் சொல்லப்படும் 16, 17-ஆம் நூற்றாண்டுக் கட்டாரிகளில் புறங்கையைக் காக்க வளைந்த ஓர் எஃகுத் தகடும் இருக்கும். அந்தத் தகட்டில் துளைப்பு வேலை, கொடிகள், பறவைகள். அவற்றோடு, அலகைப் பிடியோடு சேர்க்கும் பகுதியில் யாளி என்ற கற்பனை விலங்கு.

யாளிக்கு அங்கே இடம் கொடுத்த கொல்லர் மனம்போனபடி கொடுத்திருக்க மாட்டார். நம் கோயில்களில் யாளி எங்கெல்லாம் நிற்கிறது என்று பாருங்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் அதிட்டானம் முடிந்து சுவர் எழும் இடத்தில் வரிசையாக ஓடுகிறது. படிக்கட்டின் இருபுறமும் அதன் துதிக்கை நீண்டு சுருண்டு கைப்பிடிச் சுவராகிறது. தரை முடிந்து மண்டபம் தொடங்குவது அங்கேதான். நாயக்கர் காலத்துத் தூண்களில் முன்கால் தூக்கி எழும்பி, தூணும் கூரையும் சந்திக்கும் உயரத்தில் நிற்கிறது. ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும் எல்லைதான் அதன் காவல் நிலம். கட்டாரியில் மனிதக் கை முடிந்து இரும்பு தொடங்குகிறது. அங்கே அதைவிடப் பொருத்தமான காவல் ஏது?

அதற்குள் அந்த விலங்குக்கு நீண்ட வயது ஆகியிருந்தது. சங்கப் பாடல்களில் யானையைக் கொல்லும் வலிமையோடு ஆளி என்ற பெயரில் வருகிறது. பல்லவர் காலத்தில் கல்லுக்குள் வந்தது. மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில், புலிக்குகை என்று ஊர் சொல்லும் பாறையின் வாயைச் சுற்றி வளைந்து நிற்பவை யாளித் தலைகளே. சிங்க உடலோடு யானைத் துதிக்கை சேர்ந்தது, குதிரை முகம் சேர்ந்தது. விஜயநகர, நாயக்கர் காலத்தில் அது தூணை விட்டு வெளியே பாய்ந்தது. மதுரை ஆயிரங்கால் மண்டபத்தில் அதன் முழு மிடுக்கையும் காணலாம்.

யாளி உள்ளூரில் பிறந்தது. பல கட்டாரிகளில் அலகு மட்டும் வேற்று நாட்டுச் சரக்கு. ஐரோப்பிய வாள்களின் நீண்ட அலகுகளை வெட்டிக் குறைத்து, இங்கே செய்த பிடியின் இரு கரங்களுக்கிடையே செருகித் தறையடித்தார்கள். சோழமண்டலக் கரையில் அப்போது அயல்நாட்டு வணிகத்துக்குக் குறைவில்லை. நாகப்பட்டினத்தில் போர்ச்சுக்கீசியர் இருந்தார்கள். 1620-இல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரின் இசைவோடு தரங்கம்பாடியில் டேனியர் வந்து அமர்ந்தார்கள். எங்கோ அடித்த இரும்பு தஞ்சைக்கு வந்தபின், அதை ஏந்தி நிற்க யாளியை வைத்தார்கள். வந்த பொருளை அப்படியே பிடித்துக்கொள்ளாமல் தன் வழக்கத்துக்குள் அமர்த்திக்கொண்ட அந்தத் தன்னம்பிக்கையைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன்.

1673-இல் தஞ்சை நாயக்கர் ஆட்சி முடிந்தது. சில ஆண்டுகளில் மராட்டியர் அரியணை ஏறினார்கள். ஆயுதங்கள் அரண்மனைக் கொட்டடியிலேயே குவிந்து கிடந்தன. 1855-இல் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும் ஆங்கிலேயர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். 1860-களில் அந்த ஆயுதக் கொட்டடி கலைக்கப்பட்டது. சிறந்தவை எனத் தோன்றிய சில சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. எஞ்சியவற்றில் பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். வால்ஹவுஸ் என்ற ஆங்கில அதிகாரி 1878-இல் 'இந்தியன் ஆன்டிக்வெரி' இதழில் இதைப் பதிவு செய்திருக்கிறார். தலைமுறைகள் கைவேலையாகச் செதுக்கியது எடைக்குப் போயிற்று. ஒரு பொருளைச் செய்தவர் யார் என்று கேட்கவே தோன்றாத நிர்வாகம் செய்த இந்த அழிவை எளிதாகக் கடந்து போக எனக்கு மனம் வருவதில்லை. கல் யாளி தப்பியதற்கு அதன் எடையும் ஒரு காரணம். அதைப் பெயர்த்து விற்பது எளிதன்று.

தப்பிய இரும்பு யாளிகள் கடல் கடந்தன. அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் ஜார்ஜ் கேமரன் ஸ்டோன் உலகெங்கிலும் இருந்து ஆயுதங்களைச் சேகரித்தவர். 1934-இல் அவற்றைப் பற்றி ஒரு பெரிய சொற்களஞ்சியம் வெளியிட்டவர். மறு ஆண்டு அவர் இறந்தபோது எழுதி வைத்த உயிலின்படி அந்தச் சேகரம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்தது. தஞ்சைக் கட்டாரிகள் அதில் இருக்கின்றன. அங்கே அவற்றைக் காண்பவருக்கு அலகின் நீளமும் நூற்றாண்டும் தெரியும். படிக்கட்டின் துதிக்கையும் தூணின் பாய்ச்சலும் தெரிய வழியில்லை.

நமக்கு அந்தச் சிரமம் இல்லை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை ஆயுதங்களும் இருக்கின்றன, கற்சிற்பங்களும் இருக்கின்றன. ஆனால் அவை வெவ்வேறு கூடங்களில். ஒரே ஒரு கட்டாரியை எடுத்து வந்து ஒரு கல் யாளியின் அருகே, அலகு பிறக்கும் இடம் பார்வையாளர் கண்ணுக்கு நேரே வரும்படி வைக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வரும் அருங்காட்சியகம் அது. இரண்டும் ஒரே விலங்கு என்பதை அவர்கள் தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள்.