பாவமன்னிப்பும் தோட்டத்து அதிகாரமும்

இரத்தினபுரிக்கு வடகிழக்கே எழுந்து நிற்கும் சிவனொளிபாதமலையை முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்பார்கள். சுவர்க்கத்திலிருந்து இறக்கப்பட்ட முதல் மனிதர் அதன் உச்சியில் ஒற்றைக் காலில் நின்று அழுது மன்னிப்புக் கேட்டார், இறைவனும் ஏற்றுக்கொண்டான் என்பது அவர்களுடைய பழைய நம்பிக்கை. 1344இல் பயணி இபின் பதூதா அந்த மலையில் ஏறியதும் அந்தப் பாதச் சுவட்டைக் காணத்தான். அதே சுவட்டைப் பௌத்தர் புத்தருடையது என்றார்கள், சைவர் சிவனுடையது என்றார்கள். மனிதன் செய்த பிழை தீருமா, தீருமென்றால் யாரால் தீரும் என்ற கேள்வி, தேயிலையும் இறப்பரும் இரத்தினபுரியும் கேகாலையும் அடங்கிய சப்ரகமுவவுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கே இருந்தது. பின்னர் தோட்டங்களுக்கு வந்த தமிழரில் மிகப் பெரும்பாலோர் மாரியம்மனையும் முனியாண்டியையும் கும்பிட்டவர்கள். கிறிஸ்தவர்கள் சிறு தொகையினர். பாவத்தை மன்னிக்கும் அதிகாரம் கடவுளுக்கே உரியது, அதை அவர் கிறிஸ்து வழியாக மண்ணுலகில் செயற்படுத்துகிறார் என்ற நம்பிக்கையை அவர்கள் கொண்டுவந்தார்கள். பணிந்து நடக்கச் சொல்லும் போதனையாகவே இதைப் பலரும் எண்ணுகிறார்கள். வரலாற்றைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. கட்டவும் அவிழ்க்கவும் தமக்கே உரிமை உண்டென்று எண்ணிய ஒவ்வொரு மனித அதிகாரத்துக்கும், திருச்சபையின் சொந்த அதிகாரத்துக்கும் சேர்த்தே, இந்த நம்பிக்கை எல்லை போட்டது.

நம்பிக்கையின் வேர் கப்பர்நகூமில் இருக்கிறது. கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட முடக்குவாதக்காரனிடம் இயேசு முதலில் நோயைப் பற்றிப் பேசவில்லை, பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்றார். அங்கிருந்த வேதபாரகர் இது தேவதூஷணம், கடவுளைத் தவிர யாராலும் மன்னிக்க முடியாது என்று தமக்குள் நினைத்தார்கள். அவர்களுடைய தர்க்கத்தில் குறையில்லை. இயேசுவும் அதை மறுக்கவில்லை, அந்த அதிகாரம் தமக்கு உண்டென்று காட்ட நோயாளியை எழுந்து நடக்கச் செய்தார். மனிதருக்கு இப்படிப்பட்ட அதிகாரத்தைக் கொடுத்த கடவுளை மக்கள் புகழ்ந்ததாக மத்தேயு முடிக்கிறார். உயிர்த்தெழுந்த இயேசு சீடர்மீது ஊதி, நீங்கள் மன்னிக்கிறவர்களுக்கு மன்னிப்பு உண்டு என்று சொன்னதாக யோவான் எழுதுகிறார். இந்த இரண்டு இடங்களையும் எப்படிப் படிப்பது என்பதில்தான் சபைகள் பிரிந்தன. கத்தோலிக்கருக்கு அந்த அதிகாரம் குருவின் வழியே பாவசங்கீர்த்தனத்தில் செயற்படுகிறது. அங்கிலிக்கன் ஜெபப்புத்தகத்தில் சபை முழுவதும் சேர்ந்து பாவ அறிக்கை சொன்ன பின் குருவானவர் எழுந்து விமோசனத்தை அறிவிக்கிறார். மெதடிஸ்தரும் பப்திஸ்தரும் மனந்திரும்பியவனுக்கும் கடவுளுக்கும் நடுவே குருவைச் சேர்ப்பதில்லை.

குருவின் வழியாகவே மன்னிப்பு வரும் என்றால், குரு இல்லாத ஊரில் என்ன செய்வது? இலங்கைக் கத்தோலிக்கருக்கு இது தோட்டக் காலத்துக்கு முந்திய கேள்வி. 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய ஒல்லாந்தர் தம் ஆட்சிப் பகுதிகளில் கத்தோலிக்கக் குருமாரைத் தடை செய்தார்கள். கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் அடிகளார் 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேரும்வரை கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் சபையைக் கட்டிக்காத்தவர்கள் சாதாரண விசுவாசிகளே. அவர் 1692இல் கண்டி இராச்சியத்துக்குள் நுழைந்தபோது ஒற்றர் என்ற ஐயத்தில் சிறைப்பட்டார். சப்ரகமுவ அந்த இராச்சியத்தின் திசாவைகளில் ஒன்று. ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் விதித்திருந்தது. ஆனால் கடவுள்மேல் கொண்ட அன்பினால் எழும் முழுமையான மனஸ்தாபம், குருவிடம் போகும் எண்ணத்தோடு சேர்ந்தால், அருளடையாளத்தைப் பெறுவதற்கு முன்பே மனிதனைக் கடவுளோடு ஒப்புரவாக்கும் என்று 1551இல் திரிதெந்து சங்கம் போதித்தது. பாவசங்கீர்த்தனத்தை அவ்வளவு வலியுறுத்திய சங்கமே, கடவுளின் கை குருவின் வருகைக்குக் கட்டுப்பட்டதல்ல என்பதையும் ஏற்றுக்கொண்டிருந்தது. 1893இல் காலி மறைமாவட்டம் உருவானபோது தென்மாகாணத்தோடு சப்ரகமுவ முழுவதும் அதற்குள் அடங்கியது. பெல்ஜிய இயேசு சபைக் குருமார் கையில் இரண்டு மாகாணங்கள், இரண்டு மொழிகள். களனிவெளி ரயில் 1903இல் எட்டியாந்தோட்டைக்கும் 1912இல் இரத்தினபுரிக்கும் வந்தது, ஆனால் ரயிலடியிலிருந்து தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு இன்னும் பல மைல் ஏற்றம். சுவாமியார் எப்போதாவது வரும் தோட்டத்தில் அந்தத் திரிதெந்துப் போதனை வெறும் இறையியல் நுணுக்கமாக இருந்திருக்க முடியாது.

அங்கிலிக்கன் பக்கத்தில் இதே சிக்கல் பெரிய சச்சரவாகவே வெடித்தது. மலைநாட்டுக் கோப்பித் துரைமார் சிலர் பணம் கொடுக்க முன்வர, 1854இல் சி.எம்.எஸ். என்ற அங்கிலிக்கன் மிஷனரிச் சங்கத்தின் மேற்பார்வையில் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. திருநெல்வேலியில் ஊழியம் செய்த செப்டிமஸ் ஹொப்ஸ் அதைப் பொறுப்பேற்றார், உபதேசியார்களும் திருநெல்வேலியிலிருந்தே வந்தார்கள். தோட்டம் தோட்டமாக நடந்தவர், ஆட்கள் கூடும் பிரட்டுக் களத்தில் நின்று பேசியவர், லயத்தில் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்தவர் உபதேசியார்தான். ஆனால் பாவவிமோசனத்தைக் குருவானவர் மட்டுமே, நின்றுகொண்டு, அறிவிக்க வேண்டும் என்பது ஜெபப்புத்தகத்தின் விதி. மன்னிப்புக்காக மன்றாட உபதேசியாருக்கு உரிமை உண்டு, மன்னிப்பை அறிவிக்க உரிமையில்லை. மக்களை அறிந்தவரிடம் அதிகாரம் இல்லை, அதிகாரம் உள்ளவர் மக்களை அறியவில்லை. இந்தப் பிளவின் நடுவில்தான் ரெஜினால்ட் கோப்பிள்ஸ்டன் முப்பது வயதில் கொழும்பின் பேராயராக வந்து சேர்ந்தார். தோட்ட மாவட்டங்களில் துரைமாருக்கு ஊழியம் செய்த ஆங்கிலக் குருமாரின் கீழ்தான் தமிழ் ஊழியமும் அமைய வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. சங்கம் தன் ஊழியரைத் தானே நடத்தும் என்பது சி.எம்.எஸ். நிலைப்பாடு. சடங்கு முறைகளைப் பற்றிய ஐயமும் அதோடு சேர்ந்துகொண்டது. 1876இல் பேராயர் சி.எம்.எஸ். மிஷனரிகளின் உரிமப் பத்திரங்களைத் திரும்பப் பெற்றார். அவை பின்னர் மீண்டும் வழங்கப்பட்டாலும், கன்ரபரிப் பேராயரும் மற்றப் பேராயர்களும் தலையிட்டு 1880இல்தான் சச்சரவு ஓய்ந்தது. இங்கிலாந்தில் அப்போது இதே நெருப்புத்தான் எரிந்துகொண்டிருந்தது. குருமாருக்கான பாவசங்கீர்த்தனக் கையேடு ஒன்று 1877இல் பிரபுக்கள் சபையில் எடுத்துக் காட்டப்பட்டுப் பெரும் கண்டனத்துக்கு உள்ளானது.

ஒழுங்கான திருச்சபையில் ஒரே மேய்ப்பர் இருக்க வேண்டும், துரைக்கு ஒரு சபை, கூலிக்கு ஒரு சபை என்று பிரியக்கூடாது என்ற கோப்பிள்ஸ்டனின் கவலை நியாயமானது. ஆனால் அவர் முன்வைத்த வழியில் தமிழ் உபதேசியார், துரைமாரோடு பழகும் ஆங்கிலக் குருவின் கைக்குள் போயிருப்பார். தோட்டத்தின் மேல்கீழ் வரிசை அப்படியே மன்னிப்பின் வரிசையாகவும் ஆகியிருக்கும். சி.எம்.எஸ். எதிர்த்ததற்குக் காரணம் பெரும்பாலும் தன் நிர்வாக உரிமைதான், ஆயினும் அந்த எதிர்ப்பினால் ஒரு நன்மை விளைந்தது. விமோசனம் கடவுளுடையது, அறிவிப்பவர் வெறும் தூதர் என்ற சீர்திருத்தச் சபைப் போதனையை உபதேசியார்கள் தொடர்ந்து தமிழில் சொல்லிவர இடம் கிடைத்தது. இரு தரப்பும் லயத்து மனிதரைக் கேட்டு முடிவு செய்யவில்லை என்பது என் வருத்தம்.

லயத்து மனிதருக்கு மன்னிப்பு என்றால் என்னவென்று அறிய துண்டு முறையைப் பார்க்க வேண்டும். ஊரிலிருந்து புறப்படும்போதே ஆள்சேர்த்த கங்காணி கொடுத்த முற்பணம் தலையில் ஏறிவிடும். வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் அதோடு சேரும். தோட்டத்தை விட்டுப் போக வேண்டுமானால், இன்ன தொகையைக் கட்டினால் இந்தக் கங்காணியின் ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் துண்டு வேண்டும். புதிய தோட்டத்துத் துரை அந்தத் தொகையைக் கட்டுவார், கடன் ஆட்களோடு சேர்ந்தே இடம் மாறும். கடன் கைமாறியது, ஒருபோதும் தீரவில்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போனவனைச் சிறைக்கு அனுப்பலாம். 1921இல்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. இப்படிப்பட்ட இடத்தில், பெருங்கடனை ஓர் அரசன் முற்றாகத் தள்ளிவிட்டான், தள்ளப்பட்டவனோ தன் தோழனைச் சிறு கடனுக்காகச் சிறையில் போட்டான், அரசன் கோபம் கொண்டான் என்ற மத்தேயுவின் உவமை வாசிக்கப்பட்டது. அதைக் கேட்டவர்களுக்குக் கடனும் சிறையும் உவமைப் பொருள்கள் அல்ல. அந்தக் கதையில் அரசனின் தீர்ப்புக்கு உள்ளாகிறவன் கடன் கேட்டுத் துன்புறுத்துகிறவன். கங்காணியும் துரையும் அந்தத் தீர்ப்புக்கு வெளியே இல்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மிஷனுக்குப் பணம் கொடுத்தவர்களே துரைமார்தானே, பாவி என்று தன்னை நம்பும் தொழிலாளி கூலி உயர்வு கேட்பானா என்று இடதுசாரிகள் கேட்டார்கள். சப்ரகமுவவில் இது வெறும் புத்தகக் கேள்வி அல்ல. 1936இல் அரசுப் பேரவைக்கு இடதுசாரித் தலைவர் என்.எம். பெரேராவை அனுப்பியது கேகாலையின் ருவன்வெல்லத் தொகுதி. துரைமாரின் நோக்கத்தில் தன்னலம் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. சபைகள் பல காலம் கூலியைப் பற்றி வாய் திறக்காமல் இருந்ததையும் மறுக்க முடியாது. ஆனால் ஒரு நம்பிக்கைக்குக் காசு கொடுத்தவனின் நோக்கமே அந்த நம்பிக்கையின் பொருள் ஆகிவிடாது. ஆங்கில ஆராதனையில் துரை முழங்காலிட்டுச் சொன்ன அதே பாவ அறிக்கையைத்தான் தமிழ் ஆராதனையில் கொழுந்து பறிப்பவளும் பால் வெட்டுபவனும் சொன்னார்கள். இருவரும் வேறு வேறு மொழியில், பெரும்பாலும் வேறு வேறு கூரையின் கீழ் சொன்னார்கள் என்பது சபையின் குற்றம். ஆனாலும் துரையும் மன்னிப்புக் கேட்க வேண்டியவர் என்பதைத் தோட்டத்தில் வேறெந்த ஏடும் எழுதிவைக்கவில்லை.

இரண்டாவது மறுப்பு பௌத்த அயலவரிடமிருந்து வரக்கூடியது. வினையின் பயனை யாராலும் துடைக்க முடியாது, துடைக்கலாம் என்று சொல்வது பாவத்தை மலிவாக்கும் என்பார்கள். பௌத்தத்தை ஊன்றிக் கற்று 1892இல் அதைப் பற்றி நூல் எழுதிய கோப்பிள்ஸ்டன் இந்த மறுப்பை நன்றாக அறிந்திருப்பார். கிறிஸ்தவ மரபு இதற்கு வரி வசூலிப்பவனான சகேயுவைக் காட்டும். அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று அவன் சொன்ன பிறகே அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்ததாக இயேசு அறிவித்தார். கத்தோலிக்கப் பாவசங்கீர்த்தனத்திலும் மனஸ்தாபத்தோடு பரிகாரம் சேர்ந்தே வருகிறது. பிறன் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு மன்னிப்பைப் பெற முடியாது. இந்த வகையில் வினைக்கொள்கையின் கண்டிப்பு கிறிஸ்தவத்திலும் இருக்கிறது.

மூன்றாவது மறுப்பே எனக்குக் கடினமானது. பாதிக்கப்பட்டவனைக் கேளாமல் கடவுள் மன்னித்துவிட்டால் அவனுக்கு என்ன நீதி? தமிழருக்கு எதிரான 1977 ஆகஸ்டு வன்முறை தோட்டங்களுக்கும் பரவியது. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பகுதித் தோட்டங்களில் லயங்கள் தாக்கப்பட்டன, எரிந்தன, கொள்ளை போயின. இந்த ஆண்டுகளில் தோட்டங்களை விட்டு வவுனியாப் பக்கம் போய்க் குடியேறியவர்கள் பலர். பிறகு 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக மீண்டும் வன்முறை. கேகாலை மாவட்டம் அடங்கிய குருநாகல் பேராயத்தின் அங்கிலிக்கன் பேராயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க, 1962 முதல் அப்பொறுப்பில் இருந்த சிங்களவர். ஜூலையில் இங்கிலாந்தில் இருந்த அவர் திரும்பி வந்து அகதிகளைச் சந்தித்தார். தம் இறுதி மேய்ப்புரையில், பாதுகாப்பற்ற தமிழர்மீது நடந்ததை எந்த அற நியாயமும் காப்பாற்றாது, சிங்களவர் அதை ஒப்புக்கொண்டு வெட்கப்பட வேண்டும் என்று சொன்னார். 1983 ஒக்டோபர் 23இல் காலமானார். பாவவிமோசனம் அறிவிக்கும் அதிகாரம் பெற்ற ஒருவர் அந்த நேரத்தில் தம் இனத்தாருக்கு விமோசனம் அறிவிக்கவில்லை, பாவ அறிக்கையைக் கேட்டார். குருத்துவ அதிகாரத்தின் சரியான பயன் இதுவே என்பது என் தீர்ப்பு. கடவுளின் பெயரால் மன்னிப்பவர், பாதிக்கப்பட்டவரின் பெயரால் மன்னிக்க உரிமை பெறவில்லை.

1995இல் காலியிலிருந்து பிரிந்து இரத்தினபுரி மறைமாவட்டம் உருவானபோது அதன் முதல் ஆயரானவர் மல்கம் ரஞ்சித். அவர் கொழும்பின் கர்தினாலாக இருந்தபோதுதான் 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளில் 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அடுத்த ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று, தாக்கியவர்களை மன்னித்துவிட்டோம் என்றார். அதற்குப் பிறகும் உண்மை வெளிவர வேண்டும், பொறுப்பானவர்கள் சட்டத்தின் முன் நிற்க வேண்டும் என்று விடாமல் கேட்டுவருகிறார். இதில் முரண்பாடு இருப்பதாகச் சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தண்டிக்கும் வெறியைக் கைவிடுவது ஒன்று, உண்மையைக் கைவிடுவது வேறொன்று.

1983 ஜூலைக்காக 2004இல் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். சப்ரகமுவத் தோட்டங்களின் 1977க்கும் 1981க்கும் அந்த அளவு வெளிச்சம் கிடைக்கவில்லை. அன்று லயத்தை விட்டு ஓடியவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் முதியவர்கள். இரத்தினபுரி மறைமாவட்டமும் குருநாகல் பேராயமும் அவர்களைத் தேடிச் சென்று, எந்தத் தோட்டத்தில், எந்த நாளில், என்ன நடந்தது என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைக்க வேண்டும். தவக்காலத்துப் பாவ அறிக்கையில் அந்தத் தோட்டங்களின் பெயர்களைச் சொல்ல வேண்டும்.