மூணு ஸ்லாஷுக்கு நடுவுல ஒரு காலி இடம்

முதல் வேலைக்கு விண்ணப்பிச்சப்போ நான் பண்ணின ஒரு கூத்தைச் சொல்லி ஆரம்பிக்கிறேன். நான் செஞ்ச டிசைன்கள் இருந்த பக்கத்தை பிரௌசர்ல திறந்தேன். மேலே தெரிஞ்ச முகவரியை அப்படியே காப்பி பண்ணி மெயில்ல அனுப்பிட்டேன். என் லேப்டாப்ல அழகா திறந்துச்சு. அந்தப் பக்கத்திலிருந்து பதிலே வரலை. ரொம்ப நாள் கழிச்சுத்தான் கவனிச்சேன், அந்த முகவரி 'ஃபைல்:///' என்று தொடங்குது.

அதென்ன மூணு ஸ்லாஷ்?

யூனிக்ஸ்ல எல்லா ஃபைலும் ஒரே மரம். அதோட வேர் ஒரு ஸ்லாஷ். புது டிஸ்க் வந்தாலும் அந்த மரத்திலேயே ஒரு கிளையா ஒட்டிடுவாங்க. கம்ப்யூட்டர் ஒண்ணுதான் என்கிறவரை 'எந்த மெஷின்?' என்ற கேள்விக்கு வேலையில்லை. 1980-களில் நெட்வொர்க் வந்ததும் அந்தக் கேள்வி வந்துடுச்சு. அப்போலோ என்ற அமெரிக்க கம்பெனி, முன்னாடி ரெண்டு ஸ்லாஷ் போட்டு, மெஷின் பேரை எழுதி, பிறகு ஃபைலுக்கான வழியை எழுதுச்சு. மைக்ரோசாஃப்ட் கதை வேற. 1983-ல் டாஸ் 2.0-வில் ஃபோல்டர்கள் வந்தப்போ, சாதா ஸ்லாஷ் ஏற்கெனவே கமாண்டுகளோட ஆப்ஷனுக்குப் போயிருந்துச்சு. அதனால கோட்டைத் திருப்பிப் போட்டாங்க. ஆபீஸ் ஷேர்டு டிரைவ் இன்னிக்கும் ரெண்டு திருப்பின கோட்டோடதான் தொடங்குது.

வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ அப்போலோகிட்டயிருந்துதான் அந்த ரெண்டு ஸ்லாஷை எடுத்தார். அது தேவையே இல்லைன்னு 2009-ல் அவரே ஒத்துக்கிட்டார். (இத்தனை வருஷம் டைப் பண்ணின நம்ம விரல்களுக்கு யார் பதில் சொல்றது!)

1994 டிசம்பர்ல வந்த ஆர்எஃப்சி 1738 என்ற ஆவணம்தான் இந்த முகவரிகளுக்கு விதி வகுத்தது. ரெண்டாவது ஸ்லாஷுக்கும் மூணாவதுக்கும் நடுவுல மெஷின் பேர் வரணும். காலியா விட்டா, இந்த முகவரியை எந்த மெஷின் படிக்குதோ, அந்த மெஷின்னு அர்த்தம். அதாவது என் மெயிலைத் திறந்தவங்க அதை பிரௌசர்ல போட்டிருந்தா, என் ஃபோல்டரை அது அவங்க சி டிரைவ்லதான் தேடியிருக்கும். சரி, என் லேப்டாப் பேரை எழுதியிருந்தா? அதுவும் உதவாது. 'ஹெச்டிடிபி'ன்னா எப்படிப் போய் எடுக்கணும்னு அதிலேயே இருக்கு. 'ஃபைல்' அதைச் சொல்றதில்லைன்னு அந்த ஆவணமே குறிப்பிடுது.

2017-ல் வந்த ஆர்எஃப்சி 8089, ஒரே ஒரு ஸ்லாஷ் போட்டாலும் போதும்னு ஏத்துக்கிச்சு. அப்படி அனுப்பியிருந்தாலும் என் டிசைன் அவங்களுக்குத் திறந்திருக்காது.