எஞ்சினின் மூச்சுக் குழாய்

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் அமைந்த ஊர் அமராவதி நகர். அணைக்கட்டும், 1962-இல் தொடங்கப்பெற்ற சைனிக் பள்ளியும் அவ்வூருக்குப் பெயர் தந்தவை. அந்த வட்டாரத்திலிருந்து சின்னாறு, மறையூர் வழியாக மூணாறுக்கு மலைச்சாலை ஏறுகிறது. மூணாற்றிலிருந்து இறங்கி வரும் பழைய அம்பாஸடர் கார் ஒன்றை மனக்கண்முன் கொண்டு வருவோம். அடிவாரத்துச் சமவெளியில் ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரை மிதித்தவுடன், பின்னால் குபுக்கென்று நீலப்புகை கிளம்புகிறது. பானட்டைத் திறந்தால் எண்ணெய் தீய்ந்த வாடை வீசுகிறது. எஞ்சின் மேலெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு.

“எஞ்சின் முடிந்தது, போர் போட வேண்டும்” என்று சொல்லிவிடுவது எளிது. சொன்னபடி செய்தால் உரிமையாளரின் பல மாதச் சேமிப்பு கரைந்துவிடும். ஆனால் நோய் அதுதானா? இதை அறிய, எஞ்சின் மூச்சுவிடக் கற்றுக்கொண்ட வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

சணலிலிருந்து வளையத்திற்கு

உருளைக்குள் பிஸ்டன் உராயாமல் ஓட வேண்டுமானால் இடைவெளி வேண்டும். ஆவி கசியாதிருக்க வேண்டுமானால் இடைவெளி கூடாது. நீராவி எஞ்சின் காலத்திலேயே எழுந்த சிக்கல் இது. கொழுப்பில் தோய்த்த சணலைப் பிஸ்டனைச் சுற்றித் திணித்துப் பார்த்தார்கள். அது விரைவில் தேய்ந்துபோயிற்று. 1850-களில் ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற ஆங்கிலேய ரயில்வே பொறியாளர், ஓரிடத்தில் வெட்டப்பட்ட உலோக வளையத்தைப் பிஸ்டனில் பொருத்தினார். அவ்வளையம் வில்போல் விரிந்து உருளைச் சுவரை அழுத்திக்கொண்டே இருந்தது. இன்றைய கார்களில் உள்ள பிஸ்டன் வளையமும் இதன் வாரிசுதான்.

ஆயினும் வளையம் முழு அடைப்பு அன்று. எரிதலின்போது உருளைக்குள் அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப்போல் பல பத்து மடங்கு ஏறுகிறது. அப்போது சிறிதளவு வாயு வளையங்களைத் தாண்டிக் கீழே கிராங்குப் பெட்டிக்குள் நழுவிவிடுகிறது. புதிய எஞ்சினிலும் இது நிகழும். நழுவிய வாயுவில் எரியாத பெட்ரோல் ஆவியும் நீராவியும் உண்டு. 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 1 லிட்டர் நீர் ஆவியாகப் பிறக்கிறது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். அதில் ஒரு சிறு பகுதி கிராங்குப் பெட்டியிலேயே தங்கினாலும் எண்ணெய் கெட்டுச் சேறாகிவிடும், உலோகம் அரிக்கப்படும். வாயுவுக்கு வெளியேற வழியில்லையென்றால், அழுத்தம் ஏறி எண்ணெயை ஆயில் சீல் வழியே வெளியே தள்ளும்.

சாலையை நோக்கிய குழாய்

பழைய வண்டிகளில் இதற்குக் கண்ட வழி மிக எளியது. கிராங்குப் பெட்டியிலிருந்து ஒரு குழாயை வண்டியின் அடிப்பக்கமாக இறக்கிவிட்டார்கள். வண்டி ஓடும்போது அடியில் விரையும் காற்று, குழாயிலிருந்து புகையை உறிஞ்சி இழுத்துச் செல்லும்.

1920-இல் ஜி. டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார். உடுமலைப்பேட்டை அவ்வழியில்தான் உள்ளது. தெருவில் ஒரு மோட்டார் வண்டி மட்டுமே போன அந்நாளில், அடிக்குழாயின் புகையை யார் பொருட்படுத்தப் போகிறார்கள்?

ஆனால் இம்முறையில் ஒரு பெருங்குறை இருந்தது. வண்டி நின்றாலும் ஊர்ந்தாலும் குழாயில் இழுவை இராது. நெரிசல் மிக்க தெருக்களில் எஞ்சின் மூச்சுத் திணறியது. இரண்டாம் உலகப் போரில், ஆழமான நீரைக் கடக்க வேண்டிய இராணுவ வண்டிகளுக்குத் திறந்த குழாயே ஆபத்தாயிற்று. ஆகவே புகையை எஞ்சினின் உறிஞ்சு குழாய்க்கே திருப்பிவிடும் முறையை அவற்றிற் கையாண்டனர்.

ஒரு நகரத்தின் கண்ணெரிச்சல்

1943-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைக் கண்ணெரியச் செய்யும் மூட்டம் ஒன்று சூழ்ந்தது. அதன் காரணத்தை 1950-களின் தொடக்கத்தில் விளக்கியவர் ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலார். எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனைத் தோற்றுவிக்கின்றன என்று அவர் காட்டினார்.

அந்த ஆவி எங்கிருந்து வந்தது? எல்லோரும் சைலன்சர் குழாயையே நோக்கினர். ஆனால் கட்டுப்பாடற்ற ஒரு கார் வெளிவிடும் ஹைட்ரோகார்பன்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, கிராங்குப் பெட்டியின் மூச்சுக் குழாயிலிருந்தே வந்துகொண்டிருந்தது! 1961-ஆம் ஆண்டு மாடல் முதல் கலிபோர்னியாவில் விற்ற புதிய கார்களில், அப்புகையை எஞ்சினுக்கே திருப்பி எரிக்கும் சிறு வால்வு இடம்பெற்றது. கார்களில் வந்த முதல் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவி இதுவே. இதனால் எண்ணெயும் நெடுநாள் கெடாமலிருந்தது.

நம் நாட்டில் கார் என்பது பல்லாண்டு பேணிக் காக்கும் சொத்து. சென்னை செம்பியத்தில் 1949-இல் இந்தியா பிஸ்டன்ஸ் தோன்றியது. உள்நாட்டிலேயே பிஸ்டன் கிடைத்ததால், எஞ்சினுக்கு மறுபிறவி தருவது பட்டறைகளின் வழக்கமாயிற்று. 2014 வரை உற்பத்தியான அம்பாஸடர்களிற் பல இன்றும் ஓடுகின்றன. மாசுச் சான்றிதழுக்கான சோதனைக் கருவி சைலன்சர் குழாயையே முகர்ந்து பார்க்கிறது. மூச்சுக் குழாயை நாம்தான் கவனிக்க வேண்டும்.

நோய் நாடும் முறை

முதலில் மூச்சுக் குழாயையும், வால்வு இருந்தால் அதையும் கழற்றிப் பாருங்கள். சேறு அடைத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். வால்வு பழுதாயிருந்தால் மாற்றுங்கள். அதன்பின் கசிவு நின்றுவிட்டால், எஞ்சினைப் பிரிக்கும் வேலையே இல்லை.

அடுத்து, புகை எப்போது வருகிறது என்று பாருங்கள். மேட்டில் பாரத்தோடு ஏறும்போது இடைவிடாது நீலப்புகை வந்தால் வளையங்களின்மேல் ஐயங்கொள்ளலாம். நெடிய இறக்கத்திற்குப்பின் ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் குபுக்கென்று வந்து நின்றுவிட்டால், பெரும்பாலும் வால்வு கைடுகளோ அவற்றின் சீல்களோ தேய்ந்திருக்கும். இறக்கத்தில் த்ராட்டில் மூடியிருப்பதால் உறிஞ்சு குழாயில் வெற்றிடம் மிகுந்து, தேய்ந்த கைடு வழியாக எண்ணெயை இழுக்கிறது. நம் மூணாறு வண்டியின் கதையும் இதுவாக இருக்கலாம்.

மூச்சு வழி சுத்தமாக இருந்தும், எஞ்சின் நிதானமாக ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை விட்டுவிட்டு வேகமாகத் தள்ளுகிறதா? அப்போது ஒவ்வொரு உருளையிலும் அழுத்தமானியை வைத்து அளக்க வேண்டும். அழுத்தம் குறைந்த உருளையில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளந்தால், எண்ணெய் சிறிது நேரம் வளையத்தின் இடைவெளியை அடைத்துக்கொள்ளும். அளவு நன்கு ஏறினால் குற்றம் வளையத்திலோ உருளையிலோ இருக்கிறது. ஏறாவிட்டால் வால்வையும் ஹெட் கேஸ்கெட்டையும் பார்க்க வேண்டும்.

வளையம்தான் குற்றவாளி என்று தெளிந்த பின்னரே போர் போடுவது முறை. புகையைக் கண்டவுடன் எஞ்சினைப் பிரிக்க முனையாமல், அது மூச்சுவிடும் வழி திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பணமும் மிஞ்சும், பின்னால் வருவோரின் நுரையீரலும் பிழைக்கும்.