சானடோரியத்தில் படித்த மருத்துவர்கள்

குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்சார ரயில் நிற்கும் நிலையத்துக்குத் தாம்பரம் சானடோரியம் என்று பெயர். தினமும் அங்கே ஏறி இறங்குகிறவர்களில் பலருக்கு அது ஓர் ஊர்ப்பெயர், அவ்வளவுதான். அந்தப் பெயரைக் கொடுத்த காசநோய் விடுதியை 1928இல் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சவுரிமுத்து. இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் அதற்கு முன்பே ஒரு சானடோரியம் நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் 1917இல் நோயாளியாக அங்கே இருந்திருக்கிறார். தாம்பரத்து விடுதி 1937இல் அரசின் கைக்கு வந்தது. இன்று அது எழுநூறுக்கும் மேற்பட்ட படுக்கைகளுடன் நெஞ்சக நோய்களுக்கான அரசு மருத்துவமனை.

காசநோய்க்கு மருந்து வருவதற்கு முன் சானடோரியம் என்றால் காற்று, வெயில், முட்டை, பால், மாதக்கணக்கில் ஓய்வு. சென்னை சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆராய்ச்சி மையத்தின் மருத்துவர்கள் 1959இல் வெளியிட்ட முடிவு அந்த நம்பிக்கையை அசைத்தது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால், வீட்டில் இருப்பவரும் விடுதியில் இருப்பவரைப் போலவே குணமாகிறார் என்று அந்த ஆய்வு காட்டியது. அதன் பிறகு உலகெங்கும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தாம்பரம் மூடவில்லை. மூடாமல் இருந்ததால்தான் நம் கதையின் இரண்டாம் பாதி நடந்தது.

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் சேகரித்த இரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. கிருமி வந்துவிட்டது என்று தெரிந்த பிறகும், அது பிடித்தவரை எந்த வார்டில் படுக்கவைப்பது என்ற கேள்விக்குப் பல ஆண்டுகள் விடை இல்லை. தாம்பரம் 1993இல் எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கியது. வேறிடங்களில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் தென் மாவட்டங்களிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் ரயிலேறி வந்தார்கள். எச்.ஐ.வி. உள்ளவரை இங்கே முதலில் வீழ்த்துவது காசநோய். எனவே காசநோய் ஆஸ்பத்திரிக்கு அவர்கள் வந்ததில் மருத்துவ நியாயம் இருந்தது. இன்னொரு காரணமும் உண்டு. ஊர் ஒதுக்கும் நோயாளியைத் தொட்டுப் பார்த்துப் பழகிய செவிலியர்களும் வார்டு ஊழியர்களும் இங்கே ஏற்கெனவே இருந்தார்கள். என் கணிப்பில் இரண்டாவது காரணம்தான் பெரியது.

அப்போது இந்நோயைக் கற்றுத்தர ஆள் யார்? எய்ட்ஸ் பற்றிய முதல் மருத்துவக் குறிப்பு அமெரிக்காவில் வெளியானது 1981இல். 1993இல் ரவுண்ட்ஸ் வந்த மூத்த மருத்துவர்கள் எம்.பி.பி.எஸ். படித்த காலத்தில் இந்த நோய்க்குப் பெயரே கிடையாது. பாடப்புத்தகத்தில் இல்லாததை அவர்கள் கேஸ் ஷீட்டிலிருந்து படித்தார்கள். சளியில் காசக் கிருமி இல்லை, எக்ஸ்ரேயிலும் பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் நோயாளிக்கு மூச்சு வாங்குகிறது என்றால் நியூமோசிஸ்டிஸ் நிமோனியாவை நினைக்க வேண்டும். வாரக்கணக்கில் தலைவலி என்றால் முதுகுத் தண்டு நீரை எடுத்துக் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையைத் தேட வேண்டும். மாவட்ட மருத்துவமனை ஒன்றில் எப்போதாவது ஒருமுறை எட்டிப் பார்க்கும் இந்த நோய்கள் இங்கே அடுத்தடுத்த கட்டில்களில் கிடந்தன.

அந்தக் காலத்துக் கண்காணிப்பாளர் டாக்டர் செ.நெ. தெய்வநாயகத்தைச் சொல்லாமல் இந்த வரலாறு நகராது. நோயாளிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டவர் அவர். சித்த மருந்துகளையும் அவர்களுக்குக் கொடுத்தார். இரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் லேகியம் மூன்றும் சேர்ந்த அந்த முறை பற்றி அன்றும் சர்ச்சை இருந்தது, இன்றும் தீரவில்லை. அவை வைரஸைக் கட்டுப்படுத்தின என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்பதைப் பதிவு செய்வது விழா மலர்க் கட்டுரைக்கும் கடமை. அதே சமயம், மூன்று மருந்துக் கூட்டுச் சிகிச்சைக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆன நாட்கள் அவை. சிப்லா நிறுவனம் 2001இல் அதை 350 டாலருக்குத் தருவதாக அறிவிக்கும்வரை, அரசு மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தவர்களுக்கு அந்தச் சிகிச்சை கனவில்கூட இல்லை.

2004 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசின் இலவச ஏ.ஆர்.டி. (வைரஸ் எதிர்ப்புக் கூட்டு மருந்து) திட்டம் எட்டு மருத்துவமனைகளில் தொடங்கியது. தாம்பரம் அவற்றில் ஒன்று. மருந்து வந்ததும் அதைக் கொடுக்கத் தெரிந்த மருத்துவர்கள் தேவைப்பட்டார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐ-டெக் பயிற்சி மையம் அதற்கு முந்தைய ஆண்டே இங்கே கைகோத்திருந்தது. அமெரிக்காவில் 1987 முதல் எய்ட்ஸ் மருத்துவர்களுக்குப் பயிற்சி தந்துவரும் மையங்களின் அனுபவத்திலிருந்து பிறந்த அமைப்பு அது. பாடத்திட்டம், ஸ்லைடு, கையேடு எல்லாம் அவர்களால் தர முடிந்தது. நோயாளியும், அந்த நோயாளியைப் பத்தாண்டு பார்த்த கண்ணும் தாம்பரத்தில் இருந்தன. மருத்துவர்கள், செவிலியர்கள், ஆற்றுநர்கள், ஆய்வக நுட்புநர்கள், மருந்தாளுநர்கள் என்று எல்லோருக்கும் பயிற்சி தேவைப்பட்டது. மாத்திரையை நோயாளி தவறாமல் விழுங்குகிறாரா என்பது மருத்துவரைவிட ஆற்றுநருக்கும் மருந்தாளுநருக்கும்தான் முதலில் தெரியும்.

மற்ற துறைகளில் ஒருமுறை நன்றாகப் படித்தவர் பல ஆண்டுகள் அதை வைத்து ஓட்டலாம். எச்.ஐ.வி.யில் முடியாது. 2004இல் கற்றுத்தந்த முதல்வரிசைக் கூட்டில் ஸ்டாவுடின் இருந்தது. விலை குறைவு, இரத்தசோகை தராது, கொடுப்பது எளிது. ஆனால் சில ஆண்டுகளில் நோயாளிகள் பாதம் எரிகிறது என்றார்கள், கன்னம் ஒட்டிப்போனது. உலக சுகாதார நிறுவனம் 2009இல் அதைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது. அந்த மருந்தைக் கொடுக்கக் கற்றுத்தந்தவர்களே அதை நிறுத்தவும் கற்றுத்தர வேண்டியிருந்தது. சிகிச்சையை எப்போது தொடங்குவது என்பதும் அப்படித்தான். நோய் எதிர்ப்பு அணுக்களான சிடி4 எண்ணிக்கை 200க்குக் கீழே இறங்கட்டும் என்று காத்திருந்த காலம் போய், 350 ஆகி, 500 ஆகி, 2017இல் எண்ணிக்கை எதுவானாலும் உடனே தொடங்கு என்று இந்தியாவிலும் ஆணை வந்தது. '200 வரை பொறு' என்று நோயாளிக்குச் சொல்லி அனுப்பிய மருத்துவர், அதே நோயாளியிடம் 'ஏன் தாமதம்' என்று கேட்க வேண்டிய நிலை.

காசநோய் ஆஸ்பத்திரி என்பதால் இங்கே இன்னொரு சிக்கல் கூடுதல். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், எச்.ஐ.வி. மருந்தான நெவிரபினின் இரத்த அளவைக் குறைத்துவிடும். இரண்டு நோயும் உள்ளவருக்கு எதைக் கொடுப்பது? காசநோய் ஆய்வாளர் டாக்டர் சௌமியா சுவாமிநாதனின் குழு நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வு, அவர்களுக்கு நாளுக்கொருமுறை நெவிரபின் சரிவராது, எஃபாவிரென்ஸே மேல் என்று காட்டியது. கேள்வியும் விடையும் தமிழ்நாட்டு வார்டுகளிலேயே பிறந்ததால் வகுப்பில் அதற்குத் தனி மதிப்பு. இப்போது டோலுடெக்ராவிர் வந்த பிறகு கணக்கு மறுபடி மாறிவிட்டது. ரிஃபாம்பிசினோடு சேரும்போது அதைக் காலையும் மாலையும் கொடுக்க வேண்டும். இதைத் தவறவிடும் மருத்துவர் நல்ல மருந்தையே வீணாக்குவார்.

முதல் வரிசை மருந்து தோற்றவர்களுக்கான இரண்டாம் வரிசை மருந்துகளை 2008 ஜனவரியில் அரசு முதன்முதலாகக் கொடுத்த இரண்டு இடங்கள் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையும் தாம்பரமும். என்னைக் கேட்டால், இந்நிறுவனத்தின் கல்வி வரலாற்றில் மிகச் சுவையான பக்கம் இதுதான். அன்று இரண்டாம் வரிசை மருந்து விலை அதிகம், அது தோற்றால் அடுத்து எதுவும் இருக்கவில்லை. எனவே ஏ.ஆர்.டி. மையத்து மருத்துவர் தன்னிச்சையாக எழுதிவிட முடியாது. நோயாளியின் முழு வரலாற்றையும் நிபுணர் குழுவுக்கு அனுப்ப வேண்டும். எந்த மருந்து எந்தத் தேதியில் தொடங்கியது, எப்போது விடுபட்டது, ஏன் விடுபட்டது, சிடி4 எப்படி ஏறி இறங்கியது என்று எல்லாம் இருக்க வேண்டும். மருந்து தோற்றதா, நோயாளி மருந்தே சாப்பிடவில்லையா என்று குழு கேட்கும். திருவிழாவுக்கு ஊருக்குப் போனார், கணவருக்குத் தெரியாமல் மாத்திரையை ஒளித்து வைத்திருந்தார் என்ற பதில்களுக்கு மருந்தை மாற்றுவது விடையாகாது. மருந்து கேட்டு அனுப்பிய படிவம் இப்படிக் கேள்விகளோடு திரும்பி வரும்போது, அனுப்பிய மருத்துவர் எந்தக் கருத்தரங்கிலும் படிக்காததைப் படிக்கிறார். வைரஸ் அளவுப் பரிசோதனை 2018இல் எல்லோருக்கும் என்று ஆன பிறகு யூகம் குறைந்தது, கேள்விகள் குறையவில்லை.

மருத்துவ கவுன்சில் ஐந்தாண்டுக்கு 30 மணி நேரத் தொடர்கல்வி கேட்கிறது. அந்த மணிகளை நட்சத்திர ஓட்டல் மதிய விருந்தோடு சேர்த்து ஈட்டிவிடலாம் என்பது தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரிந்ததே. நிபுணர் குழுவின் கேள்விக்குப் பதில் எழுதியதற்கு மணி கிடைப்பதில்லை, கிடைக்க வேண்டும்.

இன்னும் முடியாத வகுப்பு ஒன்று உண்டு: பயம். ஊசி குத்திவிட்டால் 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், தடுப்பு மாத்திரை தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும் என்பது எந்த அறுவை அரங்கச் சுவரிலும் ஒட்டியிருக்கும். ஆனாலும் நோயாளியின் கோப்பில் சிவப்பு மையால் வட்டமிடுவதும், அறுவை சிகிச்சையைக் கடைசி வரிசைக்குத் தள்ளுவதும் நின்றபாடில்லை. 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் சிகிச்சை மறுப்பைத் தடை செய்கிறது. தண்டனைப் பிரிவைப் படித்துப் பயந்தவரைவிட, தாம்பரம் வார்டில் ஒரு வாரம் நோயாளிகளோடு நின்றவரே நன்றாக மாறினார் என்று சொல்வேன்.

இன்றைய பாடம் வேறு. இருபதாண்டாக மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இப்போது சர்க்கரை, இரத்த அழுத்தம், மாரடைப்பு. இவரை ஏ.ஆர்.டி. மையம் மட்டும் பார்த்தால் போதாது. தெருமுனை கிளினிக் மருத்துவருக்கும் எந்த மருந்து எதோடு மோதும் என்று தெரிய வேண்டும்.

2028இல் நூற்றாண்டு வருகிறது. 1990களின் கேஸ் ஷீட்டுகளையும் முதல் பயிற்சிக் கையேடுகளையும் நோயாளிகளின் பெயர்களை நீக்கிவிட்டு, நாளைய பயிற்சி வகுப்புகளுக்காக ஓர் ஆவணக் காப்பகத்தில் வைக்கும் வேலையை விழாக் குழு கட்டட வர்ணத்துக்கு முன்பே தொடங்கலாம்.