கல்லின் மேற்பரப்பு: முகலாயக் கட்டடங்கள் கற்பிக்கும் பாடம்

வீடு கட்டுவோர் கல்லைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் அக்கறையை, அதன் மேற்பரப்பைத் தேர்வதில் பெரும்பாலும் காட்டுவதில்லை. பளிங்காயினும் கருங்கல்லாயினும் கண்ணாடிபோல் மின்னினால் போதும் என்பதே பொதுவான எண்ணம். ஆனால் ஒரே கல்லை மெருகேற்றவும் செய்யலாம். பளபளப்பின்றி மழமழவெனத் தேய்த்து நிறுத்தவும் செய்யலாம். உளியால் கொத்திச் சொரசொரப்பாக விடவும் செய்யலாம். எவ்விடத்திற்கு எது பொருந்தும் என்பதற்கு 16, 17-ஆம் நூற்றாண்டு முகலாயக் கட்டடங்கள் தெளிவான சான்றுகளை விட்டுச் சென்றுள்ளன.

அக்பர் 1565-இல் கட்டத் தொடங்கிய ஆக்ரா கோட்டையில் ஜஹாங்கீரி மஹல் எனும் அரண்மனைப் பகுதி செம்மணற்கல்லால் ஆனது. மணற்கல், மணல் துகள்கள் இறுகி உண்டானது. எவ்வளவு தேய்த்தாலும் பளிங்கின் ஒளி அதற்கு வாராது. ஆகவே சிற்பிகள் அதனை மின்னவைக்க முயலாமல், புடைப்புச் செதுக்கல்களால் வெயிலும் நிழலும் விளையாடும் பரப்பாக மாற்றினர். அபுல் ஃபஸ்லின் ‘ஆயினே அக்பரி’, கல்லில் பூவேலை செய்வோருக்கும் வெறும் பரப்பைச் செதுக்குவோருக்கும் வெவ்வேறு கூலி வகுத்துள்ளமை ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. மேற்பரப்பின் தன்மையே கூலியை நிர்ணயித்தது.

அதே கோட்டைக்குள் ஷாஜஹான் எழுப்பிய காஸ் மஹல் வெண்பளிங்கால் ஆனது. பளிங்கின் நுண்படிகங்கள் ஒன்றோடொன்று நெருங்கிப் பிணைந்திருப்பதால் அது மெருகை நன்கு ஏற்கிறது. ஒளி சற்றே உட்புகுந்து மென்மையாகத் திரும்புகிறது. கல்லைத் தேய்த்து மெருகேற்றப் பன்னெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் பொருள்களுள் ஒன்று குருந்தக்கல். வைரத்திற்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்படும் கடினம் உடையது அது. ஆங்கிலத்தில் ‘கொரண்டம்’ என வழங்கும் அதன் பெயர், ‘குருந்தம்’ என்னும் நம் தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்ததாகும்.

மெருகின் மீது இத்துணை விருப்பம் கொண்ட ஷாஜஹானின் காலத்திலும் எல்லாப் பரப்பும் வழவழப்பாக்கப்படவில்லை. 1641-42-இல் உருவான லாகூர் ஷாலிமார் தோட்டத்தில், மேல்தளத்து நீர் ‘சாதர்’ எனப்படும் சாய்வான பளிங்குப் பலகையின் வழியே கீழே இறங்குகிறது. அப்பலகை வேண்டுமென்றே மேடுபள்ளமாகச் செதுக்கப்பட்டது. வழவழப்பான பரப்பில் நீர் மெல்லிய படலமாக ஓசையின்றி வழுக்கிச் செல்லும். செதுக்கிய பரப்பிலோ சிதறி, நுரைத்து, ஒலியெழுப்பும். ஒரே பளிங்குக்கு உறைவிடத்தில் ஒரு பரப்பு, நீர்வழியில் வேறொரு பரப்பு என்பதே அக்காலத்தவர் கண்ட தெளிவு.

இத்தெளிவு நம் இல்லங்களுக்கும் பொருந்தும். பளிங்கு சுண்ணச்சத்தால் ஆனது. எலுமிச்சை, புளி, காடி ஆகியவற்றின் அமிலம் பட்ட மாத்திரத்தில் அதன் மெருகு அரிக்கப்பட்டு மங்கல் தழும்பு விழும். காலில் ஒட்டிவரும் மணலும் பளிங்கைவிடக் கடினமாகையால் கீறல் விழச் செய்யும். எனவே புழக்கம் மிகுந்த தரைக்குப் பளிங்கே வேண்டுமென்போர், தழும்பும் கீறலும் அவ்வளவாகப் புலப்படாத, பளபளப்பற்ற பரப்பைத் தேர்வது நலம். சமையல் மேடைக்கு மெருகேற்றிய கருங்கல் ஏற்றது. சமையலறை அமிலங்கள் அதனை எளிதில் அரிப்பதில்லை.

உளூச் செய்யுமிடம், குளியலறை, மழை நனைக்கும் வாசற்படி ஆகியவற்றில் மட்டும் மெருகை அறவே தவிர்க்க வேண்டும். நனைந்த மெருகுத் தரை பாதத்திற்குப் பிடிமானம் தராது. கொத்திய கருங்கல்லோ, தீச்சுவாலையால் சுட்டு மேற்பரப்பைச் சிதறச் செய்த கருங்கல்லோ அங்கே பொருத்தமானது. இவ்வாறு சுடும் முறை பளிங்குக்கு உதவாது.

மெருகு ஒருமுறை செய்து முடித்துவிடும் வேலையும் அன்று. மாசுபட்ட காற்றால் மஞ்சள் படர்ந்த தாஜ்மஹாலின் பளிங்கை, இந்தியத் தொல்லியல் துறையினர் முல்தானி மண்ணைப் பூசித் தூய்மை செய்துவருகின்றனர். பேரரசர் எழுப்பிய கட்டடத்திற்கே இந்நிலையெனில், தினமும் பலர் நடமாடும் வீட்டுத் தரையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. விருந்தினர் கண்ணுக்கு அழகாயிருக்க வேண்டுமென எண்ணும் நாம், வைகறைத் தொழுகைக்காக எழுந்து ஈரக்காலுடன் அத்தரையில் நடக்கும் முதியோரையும் எண்ணிப் பார்த்துக் கல்லின் பரப்பைத் தேர்வதே முறையாகும்.