பாய்க் கணக்கில் பனாட்டு

பனம்பழக் களியைக் காயவைத்துச் செய்யும் பனாட்டை யாழ்ப்பாணத்தில் ஒரு காலத்தில் நிறுத்து விற்கவில்லை. பாய்க் கணக்கில் விற்றார்கள். எந்தப் பாயில் காய்ந்ததோ அந்தப் பாய்தான் அளவு. பனையைப் பற்றி 1850இல் கொழும்பில் தனி நூலே வெளியிட்ட வில்லியம் பெர்குசன் பனாட்டையும் விட்டுவைக்கவில்லை.

ஆவணி, புரட்டாசியில் பழம் விழும். சோளகக் காற்றும் வெயிலும் சேர்ந்திருக்கும் காலம் அது. பழத்தின் தோலை உரித்து, நீர் விட்டுப் பிசைந்து, தும்பு போக வடித்தால் மஞ்சள் களி கிடைக்கும். பந்தலில் விரித்த ஓலைப்பாயில் அதை ஊற்றிப் பரவுவார்கள்.

எவ்வளவு ஊற்றுவது என்பதில்தான் முழுத் தொழிலும் இருக்கிறது. கிடைத்த களியை எல்லாம் ஒரேயடியாக ஊற்றினால் வேலை மிச்சம்போலத் தெரியும். ஆனால் மேலே ஆடை கட்டிவிடும். அடியில் ஈரம் அடைபட்டுப் புளிக்கும், பூஞ்சணமும் பிடிக்கும். உள்ளீரம் ஊர்ந்து மேலே வந்துதான் காய வேண்டும் என்றால், தடிப்பு இரு மடங்காகும்போது நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகிவிடும். ஆகவே மெல்லிய படை ஒன்று. அது காய்ந்த பின் அதன்மேல் இன்னொன்று. இப்படியே நாட்கணக்கில் பாய் தடித்துக்கொண்டு போகும். ரொறன்ரோவில் டிரையருக்குள் உடுப்பை அமத்தி அடைக்கும் பேரப்பிள்ளைகளுக்கு இந்தப் பொறுமை இல்லை. அங்கே காரணம் கொஞ்சம் வேறு: உடுப்புகளுக்கு இடையே சூட்டுக்காற்று ஓட இடமிருக்காது. பலன் ஒன்றுதான், நடுவில் கிடப்பது ஈரமாகவே வெளியே வரும்.

காய்ந்த பனாட்டைத் துண்டுகளாக வெட்டிச் சேமிப்பார்கள். பனம்பாணியில் ஊறவைத்தால் அது பாணிப்பனாட்டு.

களி எடுத்த கொட்டையும் வீணாகாது. பாத்தியில் புதைத்தால் மாரிமழைக்குப் பிறகு கிழங்காக வரும். அதைப் பச்சையாகப் பிளந்து காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். முழுக்கிழங்கை யாரும் வெயிலில் போடுவதில்லை. பிளந்தால் காற்றுப்படும் பரப்புக் கூடும், ஈரம் கடக்கும் தூரம் குறையும்.

பனை அபிவிருத்திச் சபை 1978இல் அமைந்தது. கைதடியில் பனை ஆராய்ச்சிக்கென்று நிறுவனமும் உண்டு. ஆனாலும் பனாட்டு, ஒடியல் இரண்டில் பிழைத்துக்கொண்டது ஒடியல்தான். கூழுக்கு ஒடியல் மா வேண்டும்; புலம்பெயர்ந்தோர் கடைகளிலும் அது பொட்டலமாக விலைபோகிறது. ஒருமுறை பிளந்து பரப்பிவிட்டால், அதன்பின் புரட்டிவிடுவதுதான் வேலை. பனாட்டோ காயும் காலம் முழுவதும் களி பிழியவும், பாயைப் பார்த்துப் படை ஊற்றவும் வீட்டில் ஆளைக் கேட்கிறது. சம்பள வேலைக்குப் போகிற குடும்பங்களில் அந்த ஆள் எங்கே?